வாடகை வீட்டு வாசலில் நின்றுவிடும் நல்லிணக்கம்

சிங்கப்பூரில் நாமெல்லாம் இயல்பாகவே ஒற்றுமையாக இருக்கிறோம் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே எதுவும் தானாக அமைந்துவிடவில்லை. 1964 ஜூலை 21 அன்று, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரம் 23 உயிர்களைக் குடித்தது. அந்தத் தேதியைத்தான் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கின்றன. பிள்ளைகள் சேலையும் மலாய்க்காரர்களின் பாஜு குரோங்கும் சீனர்களின் சியோங்சாமும் உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மைச் சேர்ந்து வாழப் பழக்கியது உடையல்ல, சட்டம்.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையைச் சொல்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி புளோக் ஒவ்வொன்றிலும், பேட்டை ஒவ்வொன்றிலும், எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. சீனர்களுக்குப் பேட்டையில் 84 விழுக்காடு, புளோக்கில் 87 விழுக்காடு. அதன் பலனை எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்திலும் பார்க்கலாம். ஒரு வாரக் கடைசியில் அங்கே மலாய்க் கல்யாணம், கொம்பாங் மேள முழக்கம், பந்தி. அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் ஒருவரின் இறுதிச் சடங்கு. மின்தூக்கிக்குப் போகிறவர்கள் அந்தப் பந்தலைத் தாண்டும்போது தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், இறந்தவர் யாரென்று தெரியாவிட்டாலும். அருகருகே வீடு கிடைத்ததால் வந்த பழக்கம் இது.

வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு ஒரு முறை போய் நின்று பாருங்கள். குவான் இம் கோயிலில் ஊதுபத்தி ஏற்றி வணங்கிய சீனர்கள், சில அடி நடந்து ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலிலும் அதே பக்தியோடு ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயும் போகிறார்கள். அவர்களை அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. ஒரே தெருவில் இருந்த இரண்டு சாமிகளும் தங்களுக்குத் துணை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எனக்கு மிகப் பிடித்த சிங்கப்பூர் அதுதான்.

வீவக வீடுகளின் அந்த இன உச்சவரம்புக்கு நம்மைப் போன்ற சிறுபான்மையினர் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் இந்தியர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்கள் குறைவார்கள், விலையும் இறங்கும். இதனால் நீண்ட நாள் வீட்டை விற்க முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து, தகுதியிருந்தால், வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகள் அந்தச் சுமையைச் சிலர் தனியாகச் சுமந்தார்கள். இருந்தும் நான் அந்தக் கொள்கையை ஆதரிக்கிறேன்.

ஆதரிப்பதால்தான் கேட்கிறேன்: வாடகை வீடு தேடும் இந்தியரின் நிலைமை ஏன் இன்னும் இப்படி இருக்கிறது? விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிடக் கூடாது என்று வீட்டு முகவர்களுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. ஆகவே கேள்வி விளம்பரத்திலிருந்து தொலைபேசிக்கு இடம் மாறிவிட்டது. எனக்கும் அது நடந்தது. முகவரிடம் பெயரைச் சொன்னேன். "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், மன்னிக்கவும்" என்றார். குரலில் பகை துளியும் இல்லை, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். வேலை, சம்பளம், எத்தனை பேர், எதையும் கேட்கவில்லை.

"அவர் வீடு, அவர் விருப்பம்" என்று சிலர் வாதிடுவார்கள். சமையல் வாசனையைக் காரணம் காட்டுவார்கள். வீட்டில் எண்ணெய்ப் பொரியல் கூடாது, சுவர் கறைபட்டால் வைப்புத்தொகையில் பிடித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும், எல்லா இனத்தவருக்கும் பொதுவாக. யார் சமைப்பார், என்ன சமைப்பார் என்று பெயரை வைத்து எப்படி முடிவு செய்ய முடியும்? தவிர, சொந்த வீட்டை யாருக்கு விற்கலாம் என்பதிலேயே இனம் பார்த்துத் தலையிட அரசுக்கு உரிமை உண்டு என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏற்று வாழ்கிற நாடு இது. விற்பதில் நல்லிணக்கத்துக்காக விட்டுக்கொடுத்த உரிமை, வாடகைக்கு விடும்போது மட்டும் எப்படிப் புனிதமாகிறது?

வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், மதம், மொழியைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். வாடகை வீட்டை அது தொடவில்லை. அதே பாதுகாப்பை வாடகைக்கும் நீட்டிக்க வேண்டும், முதலில் வீவக வீடுகளிலிருந்து தொடங்கலாம். அவை பொதுப் பணத்தில் எழுந்த வீடுகள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் இதைக் கேளுங்கள், நானும் கேட்கப் போகிறேன்.