மூன்று மாத கோர்ஸில் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ ஆக முடியாது

“மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் போதும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டலாம்.” சென்னை வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்தப் பெயருக்கு ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் கழகம், அங்கீகரித்த தகுதி வேண்டும். சட்டம் குறிப்பிடும் எம்.பில். மட்டுமே இரண்டு ஆண்டு, முழுநேரம். மேற்பார்வையில் பெறும் மருத்துவப் பயிற்சியும் அதில் அடக்கம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதை வீடியோ பார்த்துக் கற்க முடியுமா?

பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992 ஆர்.சி.ஐ. சட்டப்படி ஓராண்டு வரை சிறைகூட உண்டு. கோர்ஸ் படிப்பதில் தப்பில்லை, போர்டுதான் தப்பு.

ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.