பேர்லினுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஆசிரியர்களுக்கு

இங்கிலாந்தில் வரலாறு படிப்பிக்கிற எல்லோருக்கும் இந்தத் திட்டம் தெரிந்திருக்கும். காலையில் பிராண்டன்பேர்க் வாயில், பிறகு நாடாளுமன்றக் கட்டடம், யூதர் நினைவிடம், செக்பாயின்ட் சார்லி, பின்னேரம் தொலைக்காட்சிக் கோபுரம். எல்லாம் ஒரே நாளில். சுற்றுலா நிறுவனங்களுக்கு இது வசதி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது கால்வலியும் செல்பியும்தான்.

பாதியை வெட்டுங்கள் என்பேன். முதலில் செக்பாயின்ட் சார்லியை. 1961 ஒக்டோபரில் அமெரிக்க, சோவியத் டாங்கிகள் எதிரெதிரே நின்ற எல்லைக் கடவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்று வீதி நடுவே நிற்கிற காவற்கூண்டு வெறும் நகல், சுற்றிவர நினைவுப்பொருள் கடைகள். கிழக்கையும் மேற்கையும் பிரித்த பேர்லின் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பேர்னாவர் வீதிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஒரு பக்க வீடுகள் கிழக்கு பேர்லினில் இருந்தன, அவற்றின் வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கில். 1961 ஓகஸ்ட் 13 கிழக்கு ஜேர்மனி எல்லையை மூடியதும் சனம் ஜன்னலால் குதித்தது. இடா சீக்மான் என்ற பெண் 22ஆம் திகதி அப்படிக் குதித்துத்தான் இறந்தார். சுவர் கொன்ற முதல் ஆள் அவர். அந்த வீதியில் நின்று இதைச் சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை.

மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு முழு நாளை நகரத்தின் விளிம்புப் பகுதிக்குக் கொடுங்கள். எஸ்7 ரயிலில் ஏறி முதலில் குரூனவால்ட். அங்கே நாஜிகள் யூதர்களை ரயிலேற்றி நாடுகடத்திய 17ஆம் மேடையின் இரு விளிம்பிலும் இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு திகதி, எத்தனை யூதர்கள், எந்த ஊருக்கு. 1941 ஒக்டோபர் 18 தகட்டில் 1,251 பேர், லொட்ஸ். பிள்ளைகளைத் தனியே நடக்கவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தகடு 1945 மார்ச். போர் முடிய ஒன்றரை மாதம்கூட இல்லாதபோதும் 18 பேரை ஏற்றியிருக்கிறார்கள்.

அதே ரயிலில் தொடர்ந்து போனால் வான்சே, அங்கிருந்து 114 பஸ். ஏரிக்கரையில் அழகான மாளிகை. 1942 ஜனவரி 20 அன்று பதினைந்து பேர் அங்கே கூடி, ஐரோப்பிய யூதர்களை அழிப்பதில் எந்தத் திணைக்களத்துக்கு என்ன வேலை என்று பேசி முடித்தார்கள். கூட்டம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். வந்தவர்களில் பாதிக்கு மேல் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். கூட்டக் குறிப்பில் நாடுவாரியாக ஓர் அட்டவணை உண்டு. அதில் இங்கிலாந்து 330,000. நாஜிகள் கால் வைக்காத நாட்டின் யூதர்களையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். ‘இதெல்லாம் ஜேர்மன்காரரின் கதை’ என்று வகுப்பில் கொட்டாவி விடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

சாக்சன்ஹவுசன் நாஜி வதைமுகாமுக்கும் போகலாமே என்று பெற்றோர் கேட்பார்கள். போகலாம், ஆனால் இன்னொரு நாளில். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகள் எதையும் உள்வாங்க மாட்டார்கள்.

நம் இலங்கைத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் குழுவில் இருந்தால் பிரீட்ரிக் வீதி நிலையத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1980களின் நடுவில் எங்கள் ஆட்கள் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, இந்த நிலையம் வழியாகத்தான் மேற்குக்குள் போய்த் தஞ்சம் கேட்டார்கள். நகரத்தைப் பிரிக்கும் கோட்டைச் சர்வதேச எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. சொந்த மக்களைச் சுவர் கட்டி அடைத்த அரசு, நம்மவர்களைத் தாராளமாக வழியனுப்பி வைத்தது! பாடத்திட்டத்தில் இது வராது. சித்தப்பா, மாமா யாரையாவது கேட்டால் வரும்.

பெருங்கூட்டம் நிற்கிற இடங்களில் நாடாளுமன்றக் கண்ணாடிக் குவிமாடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இலவசம்தான், ஆனால் எல்லோருடைய பெயரும் பிறந்த திகதியும் கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். கடைசி நேரத்தில் குழுவில் ஆள் மாறினால் சிக்கல், ஆகவே பெயர்ப் பட்டியலை முடிவுசெய்த பிறகே பதியுங்கள்.