முதல் மூன்று நொடியில் எதைச் சொல்வது?

போன ஆண்டு ஆடித் தள்ளுபடிக்காக ஒரு துணிக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த முப்பது நொடி விளம்பரம், "கடையைப் பூட்டப் போறோம் மக்களே" என்ற வசனத்தோடு தொடங்கியது. இறக்கிய ஷட்டருக்கு முன்னால் முதலாளி தலையைக் குனிந்து நின்று இதைச் சொல்வார். நான்காவது நொடியில் ஷட்டர் உயரும். பூட்டப் போவது கடையை அல்ல, பழைய விலைப்பட்டியலைத்தான் என்று தெரியவரும். எழுதியபோது எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. பதிவேற்றிய அன்று மாலைக்குள் நாகர்கோவில் வட்டாரத்தில் ஏகப்பட்ட பேர் பார்த்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் கடைக்கு வந்த முதல் சில அழைப்புகளில் ஒன்றுகூடப் புடவை விசாரித்து வந்ததில்லை. கடனுக்குச் சரக்கு அனுப்பியிருந்த ஈரோட்டு மொத்த வியாபாரி நிலுவைத் தொகையைக் கேட்டார். மறுநாள் விடியற்காலையில் முதலாளியின் மாமியார் ஆட்டோ பிடித்து வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த இருவருமே நான்காவது நொடியைப் பார்த்திருக்கவில்லை. பார்ப்பவரை நிறுத்துவதற்காக எழுதிய வரியைக் கேட்டு அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். பொய் மட்டும் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

பார்ப்பவரை முதல் மூன்று நொடிக்குள் நிறுத்த வேண்டிய இந்தத் தொடக்க வரியை எங்கள் தொழிலில் 'ஹூக்', அதாவது தூண்டில் முள், என்கிறோம். குளச்சலிலும் முட்டத்திலும் தூண்டில் போடுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நேற்று மாட்டிய மீனிடமே இன்றைக்கும் வியாபாரம் செய்தாக வேண்டிய கட்டாயம் கிடையாது. நமக்கு அந்தக் கட்டாயம் உண்டு. குமரி மாவட்டம் சின்னது; விளம்பரத்தைப் பார்க்கிறவருக்கும் கடைக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு பேருந்துப் பயண தூரம்தான் இருக்கிறது.

இந்த மூன்று நொடிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சில கடைக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. யூடியூபில் ஐந்து நொடி கழித்து 'ஸ்கிப்' பொத்தான் வந்த காலத்திலேயே விளம்பரத்தைத் தாண்டிப் போகும் பழக்கம் நம் விரலுக்கு வந்துவிட்டது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும், ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் அந்த இடத்துக்கு வந்தன. பொத்தான்கூடத் தேவைப்படாமல் கட்டைவிரலால் தள்ளினாலே போதும் என்றாகிவிட்டது. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுப்பவருக்கு அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் காட்டும் அறிக்கையில், மூன்று நொடியாவது ஓடியது எத்தனை முறை என்பது தனிக் கணக்காகவே வருகிறது. அதை, விளம்பரம் திரையில் தோன்றிய மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் தொடக்கம் எந்த அளவுக்கு நிறுத்தியது என்று தெரியும். பதினைந்து நொடி வரை, அல்லது அதைவிடச் சிறிய காணொளி என்றால் கடைசி வரை, பார்த்தவர்களின் கணக்கு வேறாக இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு 'வியூஸ்' எண்ணை மட்டும் பெருமையோடு காட்டுகிறார்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று யூடியூப் கணக்கிடுகிறது. ஆகவே அந்த எண்ணை வைத்து யாரும் நின்று பார்த்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

மூன்று நொடியில் மூச்சுவிடாமல் பேசினாலும் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் போகாது. இங்கேதான் தமிழ் வாக்கிய அமைப்பு நமக்குச் சிக்கல் கொடுக்கிறது. எழுத்துத் தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். 'கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக மார்த்தாண்டம் சுற்றுவட்டார மக்களின் நம்பிக்கையைப் பெற்ற எங்கள் நிறுவனத்தில்' என்று தொடங்குகிற வாக்கியம் செய்தியைத் தொடுவதற்குள் பார்ப்பவர் அடுத்த காணொளிக்குப் போயிருப்பார். பேச்சுத் தமிழுக்கு இந்தத் தடை இல்லை. சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும்போது "வந்திட்டு லேய், உனக்க பஸ்" என்று வினையைத்தான் முதலில் எறிவார். நான் எழுதிய தொடக்கத்தைச் சரிபார்க்க இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்: வடசேரி பேருந்து நிலையத்தின் இரைச்சலில், இருபதடி தள்ளி நிற்கும் நண்பனிடம் இதைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பானா என்று யோசிக்கிறேன். திரும்பமாட்டான் என்று தோன்றினால் வரியை அடித்துவிடுகிறேன்.

எங்கள் ஊர் வில்லுப்பாட்டில் கதைக்குள் நுழைவதற்கு முன் காப்பும் வணக்கமும் அவையடக்கமும் நிதானமாகப் போகும். கோயில் கொடை விழாவுக்கு வந்தவர்கள் கேட்பதற்கென்றே சமுக்காளம் விரித்து உட்கார்ந்திருப்பதால் புலவருக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது. கைபேசியின் முன்னால் யாரும் நமக்காக வந்து உட்காரவில்லை. ஆனாலும் பாதி விளம்பரங்கள் கடைப் பெயரும், முதலாளியின் புகைப்படமும், சுழன்று சுழன்று வரும் முத்திரையுமாகக் காப்புப் பாடித்தான் தொடங்குகின்றன.

அதற்கு மாற்றாக இப்போது கைக்குக் கை பரவும் ஆயத்த வரிகள் இன்னும் மோசமானவை என்பது என் கருத்து. 'இதைப் பார்க்காமல் போகாதீர்கள்', 'பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாத ரகசியம்', 'நிறுத்துங்க, நிறுத்துங்க' ஆகியவற்றைப் பல்பொடிக்கும் போடலாம், மனைக்கும் போடலாம், மாட்டுத் தீவனத்துக்கும் போடலாம். எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வரி நம் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதானே பொருள்? எங்கள் பக்கம் ஒருவரைக்கூடப் பாசத்தோடு அழைக்கும் 'மக்களே' என்ற விளிகூட ஒரு காலத்தில் துபாயில் இருக்கும் நம்மூர்க்காரரையும் சட்டென்று நிமிர வைத்தது. எல்லா ஊர்க்காரர்களும் எடுத்தாண்டு அதைத் தேய்த்துவிட்டார்கள். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பேச்சும் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பேச்சும் ஒன்றல்ல என்பதை இங்கே பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கருங்கல் ஊர்க் கடைக்கு எழுதும் வரியில் 'வேற லெவல்' என்று போடச் சொன்னால் எனக்குக் கை ஓடுவதில்லை.

அப்படியானால் நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பொருள் உருவாகும் இடத்தில்தான் என்பேன். ஒரு தேன் வியாபாரத்துக்காக நான் முதலில் எழுதியது 'கலப்படமற்ற தூய மார்த்தாண்டம் தேன்' என்பது. அதை நம்புகிறவரும் இல்லை, மறுக்கிறவரும் இல்லை. கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு ஒரு பிப்ரவரி காலையில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தேன்பெட்டி வைத்திருந்த ஒரு பெரியவரோடு இரண்டு மணி நேரம் சுற்றினேன். மரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விட்டிருந்தன. அவர் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தை எனக்குக் காட்டினார். குண்டூசித் தலை அளவுக்கு அங்கே ஒரு துளி பளபளத்தது. "நக்கிப் பாரு மக்களே" என்றார். இனித்தது. "ரப்பர் தேன் பூவில இருந்து வாறதுன்னுதான் எல்லாவனும் நெனச்சிட்டு இருக்கான். இது எலைல வாறதாக்கும்."

பிறந்ததிலிருந்து இந்த மாவட்டத்தில் தேன் சாப்பிடும் எனக்கு அது அன்றுவரை தெரியாது. அந்தத் துளியை மிக அருகிலிருந்து படம்பிடித்து, "இந்தத் தேன் பூவில இருந்து வந்ததில்ல" என்ற ஒரே வரியோடு தொடங்கினோம். மீதி இருபது நொடியில் தளிரையும், தேனீயையும், பெட்டியையும், கடைசியில் புட்டியையும் காட்டினோம். ஒரு மிகைச்சொல் இல்லை. வசனமும் முழு உண்மை. கேட்டவருக்கு எழும் 'பின்னே எதிலிருந்து?' என்ற கேள்விக்குப் பதில் அந்தக் காணொளியிலேயே இருக்கிறது. பூட்டிய ஷட்டர் விளம்பரத்தின் மூன்று நொடிக் கணக்கை இது எட்டவில்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இதற்கு வந்த அழைப்புகள் எல்லாம் தேன் கேட்டு வந்தவை.

இதே தேனுக்கு 'சர்க்கரை நோய்க்கு முடிவு' என்று தொடங்கலாமே என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். நிறுத்தும், சந்தேகமில்லை, இங்கே எந்த வீட்டில்தான் சர்க்கரை நோயாளி இல்லை? ஆனால் நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டமே தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஏமாற்றும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மட்டுமின்றி அதில் தோன்றிப் பரிந்துரைப்பவரும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் கட்ட நேரலாம். மறுபடியும் செய்தால் அது 50 லட்சம் வரை போகும். ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்ததையெல்லாம் படித்துவிட்டுப் போகும் நம்மூர் ரீல்ஸ் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சின்னச் செய்தி ஒன்று: தொடக்க வரியை எழுத்திலும் போடுங்கள், ஆனால் திரையின் அடியில் வேண்டாம். அங்கே கணக்குப் பெயரும் விவரக்குறிப்பும் வலது ஓரத்தில் பொத்தான்களும் வந்து மூடிவிடும்.

இப்போது கையில் இருப்பது திங்கள்சந்தைப் பக்கம் ஒரு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடைக்கான ஓணக்கால விளம்பரம். போன வாரம் அதிகாலையில் போய் அடுப்புப் பக்கத்தில் நின்றேன். வறுக்கும் அண்ணன், சீவிய காய் பாதி வெந்ததும் ஒரு கரண்டி தண்ணீரை எடுத்துக் கொதிக்கும் தேங்காய் எண்ணெயில் நேராக ஊற்றினார். சட்டியே வெடித்துவிடும் போல ஒரு சத்தம். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீராம். அப்படி ஊற்றினால்தான் உப்பு எல்லாத் துண்டிலும் சமமாகப் பிடிக்குமாம். சத்தம் அடங்கும் பக்குவத்தைக் காதால் கேட்டுத்தான் அரிகரண்டியை உள்ளே விடுகிறார்.

எனக்கு வேண்டிய மூன்று நொடி அங்கேயே கிடைத்துவிட்டது. எண்ணெயில் தண்ணீர் விழும் அந்தச் சத்தம், அதன்மேல் "தண்ணியையா ஊத்துதாரு?" என்று ஒரு குரல், அவ்வளவுதான். கடை உரிமையாளருக்கோ முதலில் தம் தகப்பனார் படம், அதற்கடுத்து கடைப் பெயர், அப்புறம்தான் அடுப்பு வர வேண்டும் என்று ஆசை. தகப்பனார் படத்தைக் கடைசி நொடியில், அவர் வாங்கிய அதே சட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வியாழக்கிழமை படப்பிடிப்பு.