கேபிளின் விலையைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள்

பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கன்சோலைத் தொலைக்காட்சியோடு இணைக்கத் தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிளை மாட்டினால் நிறங்கள் பளிச்சென்று தெரியும் என்று சொல்லி, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இந்தப் பேச்சை யாரும் நம்ப வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் கேபிளை மாற்றினால் படம் மாறும் என்பது ஒரு காலத்தில் முழு உண்மை. பழைய கன்சோல்களோடு வந்த மஞ்சள் முனைக் கேபிளில் ஒளிக்கும் நிறத்துக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். கலந்து வந்ததைத் தொலைக்காட்சி பிரித்தெடுக்க வேண்டும். அது ஒருபோதும் சரியாகப் பிரிவதில்லை. எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும், நெருக்கமான கோடுகள் மேல் வானவில் படரும், சிவப்பு கசியும். எஸ்-வீடியோ ஒளியையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பியது. ஐரோப்பாவில் ஸ்கார்ட் கேபிள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலக்காமலே கொண்டுபோனது. அதே கன்சோல், அதே தொலைக்காட்சி, கேபிள் மட்டும் வேறு. படமோ கண்ணாடியைத் துடைத்தது போல் இருக்கும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 1991இல் சேகா வெளியிட்ட சோனிக் விளையாட்டின் அருவி வெறும் செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டது. மஞ்சள் கேபிளின் மங்கலில் அந்தக் கோடுகள் கரைந்து, நீருக்குப் பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும். தெளிவான கேபிளில் வெறும் கம்பி வேலிதான். குறையையே தூரிகையாக்கிய அந்தக் கலைஞர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

எனக்குப் பெரிய கோபம் 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 மீதுதான். கருவியில் எச்டிஎம்ஐ துளை இருந்தது. பெட்டிக்குள் இருந்ததோ மஞ்சள் கேபிள். அதில் உயர்தெளிவுப் படம் போகவே முடியாது. இவ்வளவு விலை கொடுத்தவர்களுக்குச் செய்த அநீதி என்றே சொல்வேன்.

எச்டிஎம்ஐயில் கதையே வேறு. போவது எண்கள். அவை சரியாக வந்து சேர்ந்துவிட்டால் மலிவான கேபிளும் விலையுயர்ந்த கேபிளும் ஒரே படத்தைத்தான் தரும். சேராவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், திரை கறுத்துவிடும். நிறம் கொஞ்சம் மங்குவது என்பது அங்கே கிடையாது.

கொள்ளளவு மட்டும் முக்கியம். 4கே எனும் மிக உயர்தெளிவுப் படம் வினாடிக்கு 60 சட்டகங்கள் என்றால், வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் போதும். 120 சட்டகங்களுக்கு 48 கிகாபிட் தாங்கும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ வகை வேண்டும். பிளேஸ்டேஷன் 5 வாங்கியவர்களுக்கு அது பெட்டியிலேயே இருக்கிறது. தனியாக வாங்கினால் உறையில் சான்றிதழ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கறுப்பு சாம்பலாகவோ, இருட்டுக் காட்சிகள் ஒரே மையாகவோ தெரிந்தால் கடைக்கு ஓடாதீர்கள். கன்சோலின் ஆர்ஜிபி வரம்பும் (கறுப்பிலிருந்து வெள்ளை வரை எந்த எண்களால் குறிப்பது என்ற அமைப்பு) தொலைக்காட்சியின் வரம்பும் பொருந்தாமல் இருக்கலாம். இரண்டையும் தானியங்கி அமைப்பில் வைத்துப் பாருங்கள்; அதற்குக் காசு எதுவும் ஆகாது.