வலைக்கண் மட்டும் போதாது

சப்ஜா விதை மாதிரி தண்ணீரில் ஊதும் ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீரைப் பிடித்து வைக்கும் வலை போன்ற ஜெல், தன் வலைக்கண் வழியாக மருந்தை மெதுவாக விடும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. சரிதான், ஆனால் பாதிதான். ஊதிய ஜெல்லின் வலைக்கண், அதாவது இழைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை, சின்ன மருந்து மூலக்கூறுகளுக்குப் பெரிய வாசல். சுலபமாகக் கரையும் மருந்தாக இருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே வெளியே ஓடிவிடும். அதனால் மருந்தின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 2018ல் அனுமதி பெற்ற டெக்ஸ்டென்சா என்ற ஹைட்ரோஜெல் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கண் ஆபரேஷன் முடிந்ததும் கீழ் இமை ஓரத்தில் இருக்கும் கண்ணீர்த் துளைக்குள் செருகுகிற குட்டிக் குச்சி, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரால் ஆன ஜெல், உள்ளே 0.4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. கண்ணீர் பட்டதும் ஊதி அங்கேயே இறுகிக்கொள்ளும். டெக்ஸாமெத்தசோன் தண்ணீரில் லேசில் கரையாது, துகளாகவே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருவதால்தான் 30 நாள் வரை தாக்குப்பிடிக்கிறது. அப்புறம் ஜெல்லும் சிதைந்து மூக்கு வழியாகப் போய்விடும். நீல வெளிச்சத்தில் மின்னும் சாயமும் கலந்திருப்பதால் குச்சி இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துக்கொள்ளலாம்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நாலு வேளை, மூன்று வேளை என்று குறைத்துக்கொண்டே சொட்டு மருந்து விட்டுப் பார்த்த வீடுகளுக்கு இதன் அருமை தெரியும், பாதி சொட்டு கன்னத்தில்தான் விழும்! ஆனால் ஸ்டீராய்டால் கண் அழுத்தம் ஏறினால் சொட்டை நிறுத்துவது போல இதை வீட்டில் நிறுத்த முடியாது, டாக்டர்தான் எடுக்க வேண்டும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.