அமெரிக்க அதிபருக்கு இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது?

அமெரிக்க அதிபர் வரி போட்டார், படை அனுப்பினார், கையெழுத்துப் போட்டார் என்றே தினமும் செய்தி வருவதால் அந்த நாட்டில் எல்லாமே அவர்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் 1787-ல் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கோடைகாலம் முழுக்கச் சண்டை போட்டு அந்த அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இப்படி ஒரு பதவியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. முதல் பிரிவே பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு சபைகள் கொண்ட அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸைப் பற்றியதுதான். வரி விதிப்பது, கஜானாவிலிருந்து பணம் ஒதுக்குவது, வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவது, போர் அறிவிப்பது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதிபருக்கான இரண்டாம் பிரிவு அதில் பாதி நீளம்கூட வராது.

பலவீனமான அரசாங்கம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அதை ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள். 1781 முதல் மாநிலங்களுக்கிடையே நடைமுறையில் இருந்த பழைய ஒப்பந்தத்தில் மத்திய அரசால் வரி வசூலிக்கவே முடியாது, மாநிலங்களிடம் கையேந்த வேண்டும். 1786-ல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் கிளர்ந்து நீதிமன்றங்களை மூடியபோது மத்திய அரசு கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றது. அதனால் வலுவான அரசாங்கம் வேண்டும், ஆனால் அந்த வலு ஒரே ஆளிடம் சேரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பதவிக்கு வருபவர் நல்லவராக இருப்பார் என்று நம்பி எதையும் எழுதவில்லை, அதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். ஒருவருடைய பதவி ஆசையை இன்னொருவருடைய பதவி ஆசை தடுக்கும் என்பதுதான் அதை எழுதியவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனின் கணக்கு.

அந்தக் கணக்கு சரியாக வேலை செய்ததும் உண்டு. 1952-ல் கொரியப் போர் நடந்துகொண்டிருக்கும்போது எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று சொல்லி அதிபர் ட்ரூமன் ஆலைகளையே அரசு எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்த ஒன்பது நீதிபதிகளும் அவருடைய கட்சியின் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள், அப்படியும் 6-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. காங்கிரஸ் சட்டம் இயற்றாமல் அதிபர் இதைச் செய்ய முடியாது என்றார்கள். போர்க்காலம், நாட்டுப் பாதுகாப்பு என்ற வாதமெல்லாம் எடுபடவில்லை. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார், வேலைநிறுத்தமும் ஏழு வாரத்துக்கு மேல் நடந்தது.

ஆனால் அந்தக் கொரியப் போரையே காங்கிரஸ் அறிவிக்கவில்லை! காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942-ல். அதற்குப் பிறகு வியட்நாம், இராக் என்று எத்தனை, எல்லாம் அறிவிக்காத போர்கள்தான். சிலவற்றுக்குக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டுப் பொறுப்பை அதிபர் தலையில் கட்டியது, சிலவற்றுக்கு அதுவும் இல்லை. வரி விஷயத்திலும் இதே கதை. 1934 முதல் ஒவ்வொரு சட்டமாகப் போட்டு இறக்குமதி வரியைக் கூட்டவும் குறைக்கவும் அதிபருக்கு வழிவிட்டது காங்கிரஸ்தான். 2025-ல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி என்றதும் திருப்பூரில் எவ்வளவு கலக்கம், அதற்கு 1977-ல் போட்ட அவசரகால அதிகாரச் சட்டத்தைத்தான் காரணம் காட்டினார்கள்.

மேடிசன் கணக்கு எங்கே தப்பியது என்று கேட்டால், கட்சியில் என்பேன். அரசமைப்புச் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. செனட்டர் என்பவர் தன் சபையின் உரிமைக்காக அதிபரோடு மோதுவார் என்று எதிர்பார்த்தார்கள், இன்றைக்கு அவர் தன் கட்சி அதிபரைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். இதில் இரண்டு கட்சியும் ஒன்றுதான். இதுவரை மூன்று அதிபர்கள் மீது நான்கு முறை பதவிநீக்க விசாரணை நடந்தும் செனட்டில் அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அதிகாரத்தை இவ்வளவு சந்தேகப்பட்ட அதே மனிதர்களில் பலர் அடிமைகள் மீது தங்களுக்கு இருந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. மேடிசனே அடிமைகளை வைத்திருந்தவர். பிரதிநிதிகள் சபை இடங்களைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள், அதன் பலன் போனது அடிமை வைத்திருந்த மாநிலங்களுக்கு. அடிமைமுறை ஒழிய ஒரு உள்நாட்டுப் போரும் 1865-ன் திருத்தமும் வேண்டியிருந்தது. அதிகாரத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்ற கொள்கை தவறில்லை, அதை எல்லோருக்கும் பொதுவாக வைக்காததுதான் பெரிய அநியாயம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? என் கருத்தில் முதலில் கைவைக்க வேண்டியது அதிபர் அவசரநிலை அறிவிப்பதற்கான சட்டத்தில். அதிபர் அறிவித்த அவசரநிலையை இரு சபைகளும் சேர்ந்து முடிக்கலாம் என்றுதான் 1976-ல் எழுதினார்கள். 1983-ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கொடுத்த தீர்ப்பால் அது மாறி, அந்தத் தீர்மானத்தையும் அதிபர் வீட்டோ செய்து தடுக்கலாம் என்று ஆகிவிட்டது. 2019-ல் மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட அதிபர் டிரம்ப் அவசரநிலை அறிவித்தபோது அப்படியே நடந்தது, இரு சபைகளும் வேண்டாம் என்றன, அதிபர் வீட்டோ செய்தார், அதைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லை. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும், 30 நாளுக்குள் காங்கிரஸ் வாக்களித்து ஒப்புக்கொள்ளாவிட்டால் அவசரநிலை தானாகவே காலாவதியாக வேண்டும்.