உடைந்த கப்பலை விட உடையாமல் சிக்கிய கப்பலே மோசம்
ஆர்க்டிக்கில் திமிங்கில வேட்டைக்குப் போனவர்களை அதிகம் கொன்றது பனி நொறுக்கிய கப்பல்கள்தான் என்று ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. 1830-ல் கிரீன்லாந்தின் மெல்வில் விரிகுடாவில் 19 பிரிட்டிஷ் கப்பல்கள் நாசமாயின. ஏறக்குறைய 1,000 பேர் பனிமேல் கூடாரம் போட்டார்கள், ஆனால் செத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ரம் பீப்பாய்களை உருட்டி வந்து கூத்தடித்தார்களாம்! 1871-ல் அலாஸ்கா கரையோரம் முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கைவிட்டும் 1,219 பேரும் பிழைத்தார்கள். இரண்டு முறையும் ஏற்றிக்கொள்ள வேறு கப்பல்கள் எட்டும் தூரத்தில் இருந்தன, கடுங்குளிரும் தொடங்கவில்லை. உடையாமல், தன்னந்தனியாக, குளிர்காலம் முழுக்கச் சிக்கிய கப்பல்தான் நரகம். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து வேட்டைக் கப்பல் டயானா 1866-ல் அப்படித்தான் மாட்டியது. உணவு சுருங்கியது, கரி தீர்ந்து கையில் கிடைத்த மரத்தையெல்லாம் எரித்தார்கள். கேப்டன் கிராவில் டிசம்பரில் இறந்தார், அவர் உடலோடுதான் மிச்சப் பயணமும். 1867 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவைத் தொட்டபோது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் பலர் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடந்தார்கள். கப்பல் மட்டும் மிதந்துகொண்டுதான் இருந்தது.